காதில் விழுந்த புகழுரை

ஒரு கலைஞனைப் புகழ்வதற்கு உலகம் பெரும்பாலும் அவன் இறக்கும் நாளையே எதிர்பார்த்திருக்கிறது. அவன் உயிரோடு இருந்தபோது ஒரு கடிதம் எழுத நேரம் கிடைக்காதவர்கள், அவன் மறைந்த மறுநாள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். நம் முன்னோர் புகழ்ச்சிக்கு இலக்கணம் வகுத்தபோது இந்த வேற்றுமையை மறந்துவிடவில்லை. தலைவன் வாழும்போது அவன் சிறப்பைப் பாடுவதைப் பாடாண் என்றார்கள். அவன் மாய்ந்தபின் செயலற்று நின்று பாடுவதைக் கையறுநிலை என்றார்கள். இரண்டும் புகழே. ஆயினும் முன்னதை உரியவன் கேட்கிறான். பின்னதை அவன் கேட்பதில்லை. இந்த வேற்றுமை எத்துணைப் பெரிது என்பதை விளக்கும் அண்மைக்கால வரலாறு ஒன்றை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். ஜார்ஜ் பெரெஸ் என்ற அமெரிக்கச் சித்திரக்கதை ஓவியரின் கடைசி ஐந்து மாதங்களின் வரலாறு அது.

மாணவ நண்பர்களே, சித்திரக்கதை என்றதும் சிறுவர் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட வேண்டா. அமெரிக்காவில் அது பெரியதொரு தொழில். அங்கே ஓர் இதழ் பல கைகள் கூடி உருவாவது. ஒருவர் கதை எழுதுவார். ஒருவர் அதனைப் பென்சிலால் வரைவார். மற்றொருவர் அக்கோடுகளின்மேல் மையிடுவார். வேறொருவர் வண்ணம் தீட்டுவார். இன்னொருவர் உரையாடலை எழுத்தாகப் பொறிப்பார். மாதம் தவறாமல் இதழ் கடைக்கு வர வேண்டும். பக்கத்துக்கு இவ்வளவு என்று ஊதியம். இக்கலைஞர்களில் பெரும்பாலோர் நிறுவனத்தின் நிலையான ஊழியர் அல்லர். ஆகவே ஓய்வூதியமும் மருத்துவக் காப்பீடும் அவர்களுக்குத் தாமாக வந்து சேர்வதில்லை. கை ஓயும் நாளில் வருவாயும் ஓய்ந்துவிடும்.

இதற்கு வரலாறே சான்று கூறும். சூப்பர்மேன் என்ற பாத்திரத்தைப் படைத்தவர்கள் ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள். 1938ஆம் ஆண்டில் அப்பாத்திரத்தின் உரிமையை 130 டாலருக்கு அவர்கள் நிறுவனத்திடம் கொடுத்தார்கள். சூப்பர்மேன் உலகெங்கும் பறந்தான். படைத்தவர்களோ முதுமையில் வறுமையில் வாடினார்கள். ஷஸ்டரின் கண்பார்வையும் மங்கிவிட்டது. 1975ஆம் ஆண்டில் நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்சன் முதலிய ஓவியர்கள் அவர்களுக்காகப் பொதுமக்கள் முன்னிலையில் குரல் எழுப்பினார்கள். அதன் பயனாக ஆண்டுக்கு 20,000 டாலர் வீதம் ஒவ்வொருவருக்கும் உதவித்தொகை கிடைத்தது; சூப்பர்மேன் கதைகளில் அவர்களுடைய பெயரும் மீண்டும் அச்சேறியது. கலைஞனுக்கு உரியதை அவன் உயிரோடு இருக்கும்போதே பெற்றுத்தர முடியும் என்பதை அந்நிகழ்ச்சி காட்டியது.

ஜார்ஜ் பெரெஸ் 1954ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் நாள் நியூயார்க் நகரத்தின் தென் பிராங்ஸ் பகுதியில் பிறந்தார். பெற்றோர் புவர்ட்டோ ரிக்கோத் தீவிலிருந்து வந்து குடியேறியவர்கள். ஓவியக் கல்லூரியில் கற்றுத் தேறியவர் அல்லர் அவர். பார்த்துப் பார்த்து, வரைந்து வரைந்து கை பழகியவர். 1970களின் தொடக்கத்தில் ரிச் பக்லர் என்ற ஓவியருக்கு உதவியாளராகச் சேர்ந்தார். 1975ஆம் ஆண்டில் எழுத்தாளர் பில் மான்ட்லோவோடு சேர்ந்து வெள்ளைப்புலி என்ற வீரனைப் படைத்தார். தம் இனத்தாரைப் போன்ற ஒரு புவர்ட்டோ ரிக்கோ இளைஞனை மார்வெல் நிறுவனத்தின் கதைத் தலைவனாக அவர் அமர்த்தியபோது அவருக்கு வயது இருபத்தொன்றுதான்.

1980ஆம் ஆண்டில் எழுத்தாளர் மார்வ் வுல்ஃப்மேனுடன் தொடங்கிய டீன் டைட்டன்ஸ் வரிசை அவருக்குப் பெரும்புகழ் தந்தது. 1985ஆம் ஆண்டில் அதே இருவரும் டி.சி. நிறுவனத்துக்காக, அதன் ஐம்பதாண்டுக் கதைகளையெல்லாம் ஒரே கதையில் பிணைக்கும் 12 இதழ்களை உருவாக்கினார்கள். 1987ஆம் ஆண்டு முதல் வொண்டர் உமன் கதையைக் கிரேக்கப் புராணங்களின் துணைகொண்டு புதிதாகப் புனைந்தார். பின்னர் அதனை அவரே எழுதவும் செய்தார்.

அவருடைய கலையின் தனிச்சிறப்பு கூட்டத்தை வரைவது. ஏனைய ஓவியர்கள் பலர் கூட்டம் என்றால் அஞ்சுவார்கள்; பின்வரிசையை நிழலாக்கி விடுவார்கள். பெரெஸ் அவ்வாறு செய்வதில்லை. நூறு பேர் நிற்கும் படமானால் நூறு பேருக்கும் முகம் இருக்கும். அம்முகம் ஒவ்வொன்றும் வேறாக இருக்கும். கடைசி வரிசையில் விரல் நுனி அளவு இடம் பெற்ற ஒருவனுக்கும் தனி நிலை, தனி நோக்கு அமைந்திருக்கும். எவரையும் சிறியவர் என்று தள்ளாத மனம் இக்கோடுகளில் தெரிகிறது என்றே நான் கருதுகிறேன். ஓவியனின் இயல்பு இதுவானால், அவனுடைய வாசகர்கள் அவனிடம் என்ன கண்டார்கள் என்பதை ஊகிப்பது கடினமன்று.

நீரிழிவு நோயும் கண்பார்வைக் குறைவும் வருத்தவே, 2019ஆம் ஆண்டு சனவரியில் அவர் ஓய்வு பெற்றார். 2021ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் தம் வாசகர்களுக்கு ஓர் அறிவிப்பை வெளியிட்டார். கணையத்தில் புற்றுநோய் மூன்றாம் நிலையை அடைந்துவிட்டது. அறுவை செய்து நீக்க இயலாது. இன்னும் ஆறு மாதமோ ஓராண்டோதான் வாழ்நாள் என்று மருத்துவர்கள் கணித்துவிட்டார்கள். மருந்தாலும் கதிர்வீச்சாலும் சிகிச்சை செய்துகொள்ளும் வழி இருந்தது. எஞ்சிய நாட்களில் எத்தனை நாள் மருத்துவமனையிலேயே கழியும் என்று எண்ணிப் பார்த்து, அவ்வழியை அவர் ஏற்கவில்லை. மனைவியோடும் உற்றாரோடும் நண்பரோடும் வாசகரோடும் அந்நாட்களைக் கழிக்க விரும்பினார்.

அந்த அறிவிப்பில் இரண்டு செய்திகள் என் நெஞ்சைத் தொட்டன. படம் வரைந்து தருமாறு முன்பணம் கொடுத்திருந்தவர்களுக்கு அப்பணத்தைத் திருப்பித் தர ஏற்பாடு செய்துவிட்டதாக அவர் கூறியிருந்தார். சாவு வாசலில் நிற்கும்போதும் கடன் நினைவு மாறவில்லை. மற்றொன்று அவருடைய ஆசை. கடைசியாக ஒரு முறை நூல்களில் கையொப்பமிட வேண்டும். வாசகர்களோடு நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரே ஒரு நிபந்தனை, வருகிற ஒவ்வொருவரையும் தாம் கட்டித் தழுவிக்கொள்ள வேண்டும் என்பது. நோயுற்றவர் ஆறுதல் பெறுவதே உலகியல். அவரோ ஆறுதல் அளிக்க முன்வந்தார்.

வாசகர்கள் என்ன செய்தார்கள்? வாழ்த்துகள் குவிந்தன. அவர் வரைந்த கதை எந்த வயதில் தமக்கு எவ்வாறு துணை நின்றது என்று பலர் எழுதினார்கள். உடன் தொழில் செய்த ஓவியர்கள் தாங்கள் அவரிடம் கற்றதை வெளிப்படையாகச் சொன்னார்கள். இவையெல்லாம் அவர் உயிரோடு இருந்தபோதே நிகழ்ந்தவை. இவற்றோடு அவர்கள் நிற்கவில்லை. வேறொன்றையும் கேட்டார்கள். அதன் அருமை விளங்க வேண்டுமானால் ஒரு பழைய செய்தியை அறிய வேண்டும்.

அமெரிக்கச் சித்திரக்கதை உலகில் மார்வெல், டி.சி. என்ற இரண்டும் போட்டி நிறுவனங்கள். ஒன்றின் வீரர் கூட்டம் அவெஞ்சர்ஸ். மற்றதன் வீரர் கூட்டம் ஜஸ்டிஸ் லீக். இரண்டும் ஒரே கதையில் சந்திக்க வேண்டும் என்ற திட்டம் 1980களின் தொடக்கத்தில் உருவாயிற்று. வரையும் பொறுப்பு பெரெஸுக்குக் கிடைத்தது. 1983ஆம் ஆண்டுக்குள் இருபதுக்கு மேற்பட்ட பக்கங்களை வரைந்தும் விட்டார். அப்போது இரு நிறுவனத்து ஆசிரியர்களுக்குமிடையே கதையைப் பற்றிக் கருத்து வேறுபாடு முற்றியது, திட்டம் நின்றுபோயிற்று. இருபது ஆண்டுகள் கழிந்தன. 2003ஆம் ஆண்டில் எழுத்தாளர் கர்ட் பியூசிக்கின் கதைக்குப் பெரெஸ் மீண்டும் பென்சில் எடுத்தார். நான்கு இதழ்களில் அந்தக் கனவு நிறைவேறியது. ஓர் அட்டையில் மட்டும் 200க்கு மேற்பட்ட வீரர்களை அவர் வரைந்தார். எனினும் இரண்டு நிறுவனங்களும் இசைந்தாலன்றி அதனை மறுபடி அச்சிட முடியாது. பழைய பதிப்புகள் தீர்ந்தபின் அந்நூல் கிடைத்தற்கரியதாயிற்று.

அதனை மீண்டும் வெளியிடுங்கள், அவர் கண்ணால் காணட்டும் என்பதே வாசகர்களின் வேண்டுகோள். போட்டி நிறுவனங்கள் இரண்டும் இசைந்தன. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 7,000 படிகள் வெளிவந்தன. வெளியிட்டது ஹீரோ இனிஷியேட்டிவ் என்ற அறநிறுவனம். முதுமையாலோ நோயாலோ வருந்தும் சித்திரக்கதைக் கலைஞர்களுக்கு உதவுவதற்காக 2000ஆம் ஆண்டில் தோன்றியது அது. அதன் நிருவாகக் குழுவில் பெரெஸே பணியாற்றியவர். விற்பனையின் பயன் அந்த அறத்துக்கே சென்றது. அவர் பெயரால் நிகழ்ந்த சிறப்பு, அவரைப்போல் துன்புறும் மற்றவர்களுக்கு மருந்தாயிற்று.

இத்தகைய அறம் எத்துணை வேண்டற்பாலது என்பதற்கு வெள்ளைப்புலியை அவரோடு படைத்த பில் மான்ட்லோவே சான்று. 1992ஆம் ஆண்டில் மோதிவிட்டு நில்லாமல் சென்ற ஒரு காரால் அவருடைய மூளை கொடுங்காயம் அடைந்தது. அன்றுமுதல் பிறர் பராமரிப்பிலேயே வாழ நேர்ந்தது. ஒரே வீரனைப் படைத்த இரு நண்பர்களுக்கும் வாழ்க்கை எதனை வைத்திருந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

இங்கே ஒரு வினா எழத்தான் செய்யும். சாகும் மனிதனுக்காகத் திறந்த கதவு முன்பே ஏன் திறக்கவில்லை? உரிமைச் சிக்கல் என்று சொல்லப்பட்டதெல்லாம் சில வாரங்களில் தீர்ந்ததே! இரக்கத்தால் நிகழ்ந்ததை ஏன் முறையாலேயே நிகழ்த்தக் கூடாது? இவ்வினா நியாயமானது. இரக்கம் ஒருவருக்கு உதவும். முறை எல்லார்க்கும் உதவும். 1975இல் சீகலுக்கும் ஷஸ்டருக்கும் குரல் எழுப்பியவர்கள் இதனை உணர்ந்திருந்தார்கள். எனினும் வாசகர்கள் செய்தது சிறிது என்று நான் சொல்லமாட்டேன். நிறுவனங்களுக்கு முறையை நினைவூட்டுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட அன்பின் குரலே.

2022ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள், தம் 67ஆம் வயதில் ஜார்ஜ் பெரெஸ் காலமானார். மறுநாள், கடைகள் சித்திரக்கதை இதழ்களை எல்லார்க்கும் விலையின்றி வழங்கும் ஆண்டு விழா. அவருடைய நினைவுக் கூட்டம் மே 22ஆம் நாள் ஆர்லாண்டோ நகரில், சித்திரக்கதை அன்பர்களின் மாநாட்டிலேயே நடத்தப்பெற்றது. எவரும் வரலாம் என்று கதவைத் திறந்து வைத்தார்கள். கூட்டத்தை வரைந்தவருக்குக் கூட்டமே கூடி விடை தந்தது.

மாணவர்களே, உங்களுக்கு எழுத்தறிவித்த ஆசிரியர் ஒருவர் எங்கோ ஓய்வுபெற்று இருக்கலாம். உங்களை மகிழ்வித்த எழுத்தாளரோ, கூத்துக் கலைஞரோ, ஓவியரோ அடுத்த தெருவிலேயே முதுமையோடு போராடிக் கொண்டிருக்கலாம். அவரிடம் சொல்ல வேண்டிய நன்றி ஒன்று உங்கள் நெஞ்சில் இருக்குமானால் அதற்கு நல்ல நாள் பார்க்க வேண்டா. ஓர் அஞ்சலட்டை போதும். ஒரு மாலைப்பொழுது போதும். அவருக்குத் தேவை இருக்கிறதா என்றும் கேளுங்கள். அவர் காது கேட்கும்போதே சொல்லிவிடுங்கள்.