யாரும் கேளாத தலை

கதைகளிலே தம்மைத் தாமே பலிகொடுக்கும் மாந்தர்கள் நிறைய வருகிறார்கள். பிறரைக் காப்பதற்கு வேறு வழியே இல்லாத நிலையில் உயிரைக் கொடுப்பவர்கள் ஒரு வகையினர். வேறு வழிகள் பல திறந்திருக்க, எவரும் கேளாமலே உயிரைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் இன்னொரு வகையினர். விந்தை என்னவென்றால், இந்த இரண்டாவது வகையினர் மீதுதான் நமக்கு மயக்கம் அதிகம். அந்த மரணம் தேவைதானா என்று கேட்பதே அபசாரம் போலத் தோன்றிவிடுகிறது.

இதற்கு இலங்கையின் பழைய இலக்கியத்திலேயே நல்ல உதாரணம் ஒன்றுண்டு. அது சிறிசங்கபோ மன்னனின் கதை. சிங்கள மக்கள் சிறு வயது முதலே கேட்டு வளரும் கதை அது. தமிழ் வாசகர்களில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். ஆனால் அதற்கு உடன்பிறப்புப் போன்ற ஒரு கதை நமது புறநானூற்றில் இருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், தியாகம் பற்றி நாம் வழக்கமாகப் பேசுகிற பேச்சு எங்கே தடுமாறுகிறது என்பது விளங்கும்.

சங்கபோதி என்னும் பெயரில் அநுராதபுரத்தில் ஒரு மன்னன் ஆட்சி செய்தது கி.பி. 3ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். அவன் கதையை மகாவம்சத்தின் 36ஆவது அத்தியாயம் கூறுகிறது. சங்கதிஸ்ஸன், சங்கபோதி, கோதாபயன் என்னும் மூவரும் இலம்பகர்ணர் குலத்தவர், நண்பர்கள். மூவரும் அநுராதபுரத்துக்கு வந்து, ஆண்டுகொண்டிருந்த அரசனைக் கொன்று ஆட்சியைக் கைப்பற்றினர். முதலில் சங்கதிஸ்ஸன் நான்கு ஆண்டுகள் ஆண்டான். அவன் நஞ்சூட்டப்பட்டு இறந்தபின் சங்கபோதி அரசனானான். அவன் ஆண்டது இரண்டே ஆண்டுகள்.

அந்த இரண்டு ஆண்டுகளிலும் மூன்று முறை அவன் தன்னைப் பணயம் வைத்ததாக மகாவம்சம் சொல்கிறது. நாட்டில் மழை பொய்த்தபோது, பெருந்தூபியின் முற்றத்திலே படுத்து, மழைநீர் தன்னை மிதக்கச் செய்யும்வரை எழுவதில்லை என்று விரதம் பூண்டான், மழை பெய்தது. பின்னர் இரத்தாக்கி என்னும் யக்கன் நாட்டுக்குள் புகுந்தான். மக்களின் கண்கள் சிவந்தன, பலர் மாண்டனர். அரசன் உண்ணாநோன்பிருந்து அவனைத் தன்முன் வரவழைத்தான். யக்கன் தனக்கு இரையாக மனிதர்களைக் கேட்டான். தன்னைத் தவிர வேறு எவரையும் தரமுடியாது என்றான் அரசன். இறுதியில் ஊர்தோறும் படையல் வைப்பது என்ற உடன்பாட்டோடு யக்கன் அடங்கினான்.

மூன்றாவது முறைதான் அவன் உயிர் போனது. பொருளாளனாக இருந்த நண்பன் கோதாபயன் கலகம் செய்து, வடக்கிலிருந்து தலைநகர் நோக்கிப் படையோடு வந்தான். தன்பொருட்டுப் பிறர் துன்புறலாகாது என்று எண்ணிய சங்கபோதி, நீர் வடிகட்டும் துணியொன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, தெற்கு வாயிலால் தனியே வெளியேறினான். வழியிலே உணவுப் பொதியோடு வந்த ஒருவன், உண்ணும்படி அவனை வற்புறுத்தினான். உண்டு முடித்த மன்னன், தான் யார் என்பதைச் சொல்லி, தன் தலையைக் கொண்டுபோய்க் கோதாபயனிடம் காட்டினால் பொன் கிடைக்கும் என்றான். வழிப்போக்கன் அதற்கு இணங்கவில்லை. அவனுக்கு நன்மை செய்வதற்காக மன்னன் இருந்த இருப்பிலேயே உயிர் துறந்தான். பின்னரே அவன் தலையை எடுத்துச் சென்றான். வியப்படைந்த கோதாபயன் பொன்னும் கொடுத்து, இறந்தவனுக்கு ஈமக் கடன்களையும் முறைப்படி செய்தான்.

பிற்காலத்தில் இந்தக் கதை மேலும் வளர்ந்தது. கம்பஹா மாவட்டத்தில் இன்றுள்ள அத்தனகல்ல விகாரை, மன்னன் உயிர் துறந்த இடத்திலே எழுந்ததென்பது மரபு. அந்த விகாரையின் வரலாற்றைக் கூறும் பாளி நூலொன்று, இரண்டாம் பராக்கிரமபாகுவின் காலத்தில், 13ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. பிற்கால வழக்குகளில் மன்னன் தன் தலையைத் தானே துண்டித்துக் கொடுக்கிறான். அவனைத் தேடிவந்த அரசியும் அவ்விடத்திலேயே உயிர் விடுகிறாள். பின்வந்த அரசர்கள் பலர் சிறிசங்கபோ என்பதைத் தமது முடிசூட்டுப் பெயராக வைத்துக்கொண்டனர்.

இப்போது புறநானூற்றுக்கு வருவோம். முதிரமலைத் தலைவன் குமணன், தன் தம்பியிடம் நாட்டை இழந்து காட்டில் வாழ்கிறான். வறுமையில் வாடிய புலவர் பெருந்தலைச் சாத்தனார் அவனைத் தேடிக் காட்டுக்கே செல்கிறார். சமைத்தறியாத அடுப்பையும், பாலில்லாமல் அழும் குழந்தையையும், தன் முகம் பார்க்கும் மனைவியையும் பற்றிப் பாடுகிறார். கொடுப்பதற்குக் குமணனிடம் எதுவுமில்லை. எனவே தன் தலையைத் தரும் எண்ணத்தோடு வாளைப் புலவரின் கையில் கொடுக்கிறான். இவை 164ஆம், 165ஆம் பாடல்களிலும் அவற்றின் அடிக்குறிப்புகளிலும் உள்ள செய்திகள். இளங்குமணன் அண்ணனின் தலைக்கு விலை வைத்தான் என்பதும், முடிவில் சகோதரர் இணைந்தனர் என்பதும் பின்னாள் வழக்குகள். 1894இல் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்த பின்னர், குமணன் மேடைதோறும் வள்ளன்மையின் சின்னமானான்.

நாடிழந்த மன்னன், எதிரில் நிற்கும் ஏழை, கொடுக்க வேறெதுவுமில்லாமல் நீட்டப்படும் தலை. இரண்டு கதைகளுக்கும் எலும்புக்கூடு ஒன்றே. அரபு நாட்டு வள்ளல் ஹாத்திம் தாயைப் பற்றியும் இதே கதை உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவில் மீர் அம்மன் எழுதிய உருது நூலான ‘பாக்-ஒ-பஹார்’ அதைச் சொல்கிறது. பகை மன்னன் ஹாத்திமின் தலைக்கு விலை வைக்கிறான். விறகு பொறுக்கும் ஏழைக் கிழவனிடம் ஹாத்திம் தானாகவே வந்து, தன்னைப் பிடித்துக் கொடுத்துப் பரிசைப் பெறும்படி சொல்கிறான். கிழவன் மறுத்துவிடுகிறான். கடைசியில் உண்மையறிந்த மன்னன் மனம் மாறுகிறான். ஆகவே ஊர்விட்டு ஊர் நடந்த ஒரு கதைதான் இம்மூவர் மீதும் வந்து ஏறியிருக்கிறது என்று கொள்வதில் தவறில்லை. சங்கபோதி வரலாற்று மன்னன். அவன் தலைக்கொடை கதாசிரியரின் கொடை.

இனி, மூன்று கதைகளும் எங்கே பிரிகின்றன என்று பாருங்கள். சாத்தனார் வாளை வாங்கினார், வெட்டவில்லை. அந்த வாளைக் கொண்டுபோய் இளங்குமணனிடம் காட்டி, உன் அண்ணன் எப்படிப்பட்டவன் பார் என்று பாடினார். தலை போயிருந்தால் கிடைத்திராத பயன், தலை இருந்ததனால் கிடைத்தது. விறகு பொறுக்கும் கிழவனும் அப்படியே. அநுராதபுரத்து வழிப்போக்கனும் மறுத்தான் என்பதை மறந்துவிடலாகாது. அவன் மறுப்பை மன்னன் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஆக மூன்று கதைகளிலும், தியாகத்தால் நன்மை பெற வேண்டியவனே அதை வேண்டாம் என்கிறான். கேட்டவன் எவனுமில்லை.

சங்கபோதியின் மரணத்தால் யார் காப்பாற்றப்பட்டார்கள்? போரைத் தவிர்க்கவே அவன் நகரை விட்டுப் போனான். அவன் போனதோடு போருக்கான காரணம் தீர்ந்துவிட்டது. அதுவரை அவன் செய்தது பொருள் உள்ள துறவு. ஆனால் காட்டுவழியிலே அவன் உயிர் விட்டதனால், ஒரு வழிப்போக்கனுக்குப் பொன் கிடைத்ததைத் தவிர வேறு எதுவும் நடக்கவில்லை. நல்லெண்ணத்தோடு சோறு கொடுத்த ஒருவனைத் தலை சுமப்பவனாக்கியதுதான் மிச்சம். கோதாபயன் 13 ஆண்டுகள் ஆண்டான். அபயகிரி விகாரையைச் சேர்ந்த 60 பிக்குகளை நாடு கடத்தினான். அவன் மகன் மகாசேனனின் ஆட்சியில் மகாவிகாரை ஒன்பது ஆண்டுகள் பாழடைந்து கிடந்தது. இவையெல்லாம் அந்த நல்ல மன்னன் விட்டுப்போன நாட்டில் நடந்தவை.

யக்கனின் கதையை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அங்கேயும் மன்னன் தன்னையே கொடுக்க முன்வந்தான். ஆனால் அது மக்களின் உயிருக்கு ஈடாக. அங்கே பேச்சு நடந்தது, விட்டுக்கொடுப்பு நடந்தது, படையல் என்னும் நடுவழி கண்டுபிடிக்கப்பட்டது. மன்னனும் பிழைத்தான், மக்களும் பிழைத்தார்கள். அவன் செய்த மிகப் பெரிய அரச காரியம் அதுவே என்பது என் கருத்து. ஆனால் விகாரை எழுந்தது அதற்காக அல்ல. உடன்பாட்டை எவரும் பெரிதாகக் கொண்டாடவில்லை. அறுந்த தலையைத்தான் கொண்டாடினார்கள்.

இப்படிக் கேள்வி கேட்பது நவீன காலத்துக் குறும்பு என்று எவரும் எண்ண வேண்டாம். தன் பிள்ளைகளையே தானமாகக் கொடுத்த வெஸ்ஸந்தரனைக் குறித்து, பிறருக்குத் துன்பம் தரும் கொடை நற்பயன் தருமா என்று மிலிந்த மன்னன் நாகசேன தேரரைக் கேட்பதாக மிலிந்த பஞ்ஹ கூறுகிறது. தேரர் வெஸ்ஸந்தரனுக்காகவே வாதாடுகிறார். ஆயினும் கேள்வியை மறைக்காமல் நூலில் வைத்திருக்கிறார்கள். ஐயப்படுவதை நம் முன்னோர் பாவமாகக் கருதவில்லை.

இந்தப் பழங்கதைகளை இன்று பேசுவதற்குக் காரணம் உண்டு. தலை கொடுத்தவர்களின் கதையைக் கேட்டு வளர்ந்த தீவு இது. 1971இலும் மீண்டும் 1987–89இலும் தெற்கிலே பல்லாயிரம் இளைஞர்கள் மாண்டார்கள். 2009 மே மாதம் வரை வடக்கிலும் கிழக்கிலும் மாண்டவர்களின் கதை நம் வீடுகளின் கதை. அவர்களின் துணிவையும் நோக்கத்தையும் இங்கே நான் எடை போட வரவில்லை. வேறு வழியில்லாமல் போனவர்களும் அவர்களிடையே உண்டு. வழி இருந்தும் அதைக் காட்டுவாரில்லாமல் போனவர்களும் உண்டு. இரு சாராரையும் ஒரே சொல்லால் அழைத்துவிட்டு நாம் அமைதியடைந்துவிட்டோம். தியாகம் என்று சொல்லிவிட்டால், அது தேவைப்பட்டிருக்குமா, யார் அதைத் தடுத்திருக்கலாம் என்ற கேள்விகள் அடங்கிவிடுகின்றன. அந்தக் கேள்விகள் அடங்குவது எப்போதும் உயிரோடிருக்கும் தலைவர்களுக்கே வசதி.

மேடைகளில் குமணனைப் புகழ்ந்தது போதும் என்று தோன்றுகிறது. வாளைக் கையில் வாங்கியும் வெட்டாமல், அதைக் கொண்டுபோய் வெட்டச் சொல்பவனின் கண்முன் நீட்டிய பெருந்தலைச் சாத்தனாரை இனியாவது பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். சிங்களத்திலும் அப்படி ஒருவன் இருக்கிறான். மகாவம்சம் அவனுக்குப் பெயர்கூட வைக்கவில்லை. பசித்தவனுக்குச் சோறு கொடுத்தான். அவன் தலையைக் கேட்கவில்லை. கொடுத்தபோதும் வேண்டாம் என்றான்.