கல்லடிப் பாலமும் வரலாற்றுப் பேணலும்

மட்டக்களப்பு வாவி அப்பிரதேச மக்களின் வாழ்வை இரு கரைகளாகப் பகுத்துள்ளது. ஞாயிறு எழும் கடற்புறம் எழுவான்கரை எனவும், அது மறையும் மேற்றிசைப்புறம் படுவான்கரை எனவும் வழங்கப்பெறும். நீரைக் கடப்போர்க்கு நெடுங்காலம் தோணியும் துறையுமே துணையாயிருந்தன. 1924ஆம் ஆண்டில் அமைந்த கல்லடிப் பாலமும், 1928இல் மட்டக்களப்பை அடைந்த புகையிரதப் பாதையும் இந்நிலையைப் பெரிதும் மாற்றின எனலாம்.

அக்காலத் தேசாதிபதி வில்லியம் மானிங்கின் துணைவியார் பெயரால் இப்பாலம் 'லேடி மானிங் பாலம்' எனப் பெயர்பெற்றது. மக்களோ அதனைக் கல்லடிப் பாலம் என்றே அழைத்தனர். நகரையும் தெற்கே காத்தான்குடி, கல்முனை நோக்கிச் செல்லும் வீதியையும் அது இணைத்தது. விபுலானந்த அடிகளின் சமாதி அமைந்த கல்லடி உப்போடைக்கும் நகரிலிருந்து இதன் வழியாகவே சென்றனர். நிலாக்காலங்களில் மீன்பாடும் ஓசையைக் கேட்க மக்கள் நாடிய இடமும் இதுவே. ஒருபுற வாகனங்கள் கடக்க மறுபுறத்தன காத்துநிற்க வேண்டிய ஒடுங்கிய பாலமாயினும், போர்க்காலத்தையும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும் கடந்து அது பணிபுரிந்தது. 2013இல் ஜப்பானிய உதவியுடன் புதிய பாலம் திறக்கப்பட்டபோது, எண்பத்தொன்பது ஆண்டுகள் சுமந்த பாரம் அதனினின்றும் நீங்கிற்று. எனினும் பழைய பாலம் இடித்தகற்றப்படவில்லை.

ஈண்டு மன்னம்பிட்டிப் பாலம் ஒப்புநோக்கற்பாலது. மகாவலி கங்கைக்குக் குறுக்கேயுள்ள அவ்விரும்புப் பாலத்தை வாகனங்களும் புகையிரதமும் ஒருங்கே பயன்படுத்தின. 2007இல் வீதிக்கெனப் புதிய பாலம் அமைந்த பின்னரும், புகையிரதம் பழைய பாலத்தின் மீதே செல்கின்றது. பாரம் சுமக்கும் பாலத்தைப் பரிசோதியாது விடின் விபத்து நேரும். ஆதலின் அதற்குப் பாதுகாவல் தானே அமைகின்றது. பாரம் நீங்கிய கல்லடிப் பாலத்திற்கு அக்கட்டாயம் இல்லை. தொண்டு முடிந்த பொருளைக் காப்பதற்கு வரலாற்றுணர்வு ஒன்றே காவலாகும்.

அவ்வுணர்வு புகழுரையாக மட்டும் நின்றுவிடலாகாது. உவர்நீரும் கடற்காற்றும் இரும்பின் பகைகள். துரு தான் தின்ற இரும்பினும் மிகுந்த இடத்தை அடைப்பது. ஆதலின், இணைத்த தகடுகளின் இடையே புகுந்து அவற்றைப் பிளக்கின்றது. மேலே தீட்டிய புதுவர்ணம் இதனை மறைக்குமேயன்றித் தடுக்காது. துருவை முற்றக் களைந்தபின் வர்ணம் பூசுதல், நீர் தேங்காது வடியச்செய்தல், சிதைந்த உறுப்பை அதே வடிவில் மாற்றுதல், மாற்றியவற்றைப் பதிவுசெய்தல் என்பனவே உண்மையான பேணலாகும். பாதசாரிகள் நாள்தோறும் நடக்கும் பாதையாக அது நிலைப்பின், பழுதைக் காணும் கண்களும் பலவாகும்.

கோட்டைகளும் கோயில்களுமே வரலாற்றுச் சின்னங்கள் எனக் கருதுவது பொருந்தாது. சாதாரண மக்கள் சந்தைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் நடந்த பாலமும், வந்திறங்கிய புகையிரத நிலையமும் அவர்தம் வரலாற்றின் ஏடுகளே. துரு அவ்வேட்டை அரிக்குமுன் அதனைக் காத்தல் இரு கரையினர்க்கும் பொதுவான கடனாகும்.