ஒரு பெயரும் மூன்று மென்பொருள்களும்

‘வேர்ட்’ என்னும் சொல் முறைவழிப்படுத்தல் மென்பொருள் எக்கணினியிலும் ஒரே தன்மையது என்றே பலரும் கருதுவர். அதன் வரலாறு அக்கருத்துக்கு இடந்தருவதன்று.

சாள்ஸ் சிமோனி, றிச்சாட் புறொடி என்போரின் முயற்சியால் மைக்ரோசொப்ட் நிறுவனம் 1983 ஆம் ஆண்டிலே முதல் வேர்டை வெளியிட்டது. டொஸ் பணிசெயல் முறைமைக்குரிய அதிலே கட்டளைகள் திரையின் அடியில் வரிகளாக நிற்கும். எஸ்கேப் விசையை அழுத்தி அவற்றை அடைதல் வேண்டும். 1985 இல் மக்கின்டோஷ் கணினிக்கு வந்த வேர்டோ, மேலிருந்து விரியும் பட்டிகளைச் சுட்டியாற் கையாளும் அக்கணினியின் வழக்கத்தைத் தழுவியது. விண்டோஸ் வேர்ட் 1989 இல் தோன்றியது. இவற்றின் பதிப்பெண்களும் தம்முள் ஒத்தனவல்ல. மக்கின்டோஷில் ஒன்றாம் பதிப்பை அடுத்து வந்தது மூன்றாம் பதிப்பு. விண்டோஸிலோ இரண்டிலிருந்து ஆறுக்குத் தாவினர். எண்ணைக் கொண்டு மூப்பிளமை கணிக்கப் புகுவார் இடர்ப்படுவர்!

1992 இல் வெளிவந்த மக்கின்டோஷ் வேர்ட் 5.1 எளிமையும் விரைவும் உடையதெனப் பெரிதும் போற்றப்பட்டது. ஆயினும், இரு முறைமைகளுக்கும் வெவ்வேறு நிரல்களைப் பேணுதல் வீண்சுமை எனக் கண்ட நிறுவனத்தார், ஒரே மூலநிரலினின்று இரண்டையும் ஆக்கத் துணிந்தனர். வசதிகள் ஒத்திருக்கும்; கோப்புகளும் ஒரே அமைப்பினவாகும். நோக்கம் தவறானதன்று. எனினும் 1994 இல் வந்த மக்கின்டோஷ் வேர்ட் 6, விண்டோஸின் நினைவக ஒழுங்கை மனங்கொண்டு எழுதப்பட்ட நிரலைச் சுமந்து வந்தமையால், சிறு நினைவகமுடைய அக்காலக் கணினிகளில் மந்தமாகவே இயங்கியது. அதன் உரையாடற் பெட்டிகளும் விண்டோஸின் சாயலையே காட்டின. பயன்படுத்துவோர் வெகுண்டனர், பழைய 5.1 ஐ மீண்டும் நாடியோர் பலர். புதியதிற் சேமித்த கோப்பைப் பழையது திறப்பதற்கோ தனி மாற்றியொன்று வேண்டியிருந்தது. மக்கின்டோஷுக்கென 1997 இல் தனிப்பிரிவு அமைக்கப்பட்டு, 1998 இல் வேர்ட் 98 வெளிவந்த பின்னரே அச்சினம் தணிந்தது.

இவ்வேற்றுமை தமிழெழுத்தையும் விட்டுவைக்கவில்லை. ‘கொ’ என்னும் எழுத்திலே கொம்பு முன்னும் அரவு பின்னுமாக நிற்றல் வேண்டும். அவ்விடமறிந்து அமைக்கும் ஆற்றல் மென்பொருளுக்கு வேண்டும். விண்டோஸ் 2000, ‘லதா’ என்னும் எழுத்துருவுடன் தமிழுக்கு அவ்வாற்றலை அளித்தது. மக்கின்டோஷுக்குரிய வேர்ட் 2011 இலோ இந்திய எழுத்துகளைச் செவ்வையாக அமைக்கும் வசதி இருக்கவில்லை. அக்கணினியின் ஏனைய மென்பொருள்கள் சிலவற்றில் ஒழுங்காய்த் தோன்றிய தமிழ், வேர்டிலே குலைந்தது. அக்குறை நீங்கியது, 2015 இல் வெளிவந்த வேர்ட் 2016 இலேயாகும்.