ஒற்றன் இல்லாத ஒற்றர் கதை

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த பதிவு இது. போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்ப, மாமா வீட்டுப் பரண்ல முத்து காமிக்ஸ், ராணி காமிக்ஸ்னு ஒரு கட்டு மறுபடி கண்ணுல பட்டுச்சு. இரும்புக்கை மாயாவி, ஜேம்ஸ்பாண்ட்... நான் உளவாளிக் கதைக்குள்ள விழுந்ததே அந்தக் கட்டு வழியாத்தான்.

அதுல யாருக்கும் வலிக்காது. காலேஜ் படிக்கிறப்ப ஜான் லெ காரே எழுதின 'தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்ட்' (1963) கையில கிடைச்சப்பதான் வலிச்சுது. (முடிவைச் சொல்லப் போறேன், படிக்காதவங்க மன்னிக்க.) பெர்லின் சுவர்ல செத்துப் போற லிஸ் உளவாளியே இல்லை. நூலகத்துல வேலை பார்த்த ஒரு சாதாரணப் பொண்ணு. அவளுக்கே தெரியாம அவளைப் பகடைக்காயா வச்சு ஆடிட்டாங்க. உளவு வேலைக்கு ஒரு விலை உண்டு, அதை அந்த ஆட்டத்துலயே இல்லாத ஆளுங்கதான் அதிகமாக் கொடுக்கிறாங்கன்னு அப்ப புரிஞ்சுது.

நிற்க. எங்க ஊர் அனுப்பம்பட்டு. மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் நடுவுல கும்மிடிப்பூண்டி லோக்கல் நிக்கிற சின்ன ஸ்டேஷன். பொன்னேரியில பஸ் பிடிச்சா பழவேற்காடு. ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடுற அன்னிக்கு பழவேற்காட்டு மீனவர்களை கடலுக்குப் போகாதீங்கன்னு சொல்லிடுவாங்க. நாங்க மொட்டை மாடிக்கு ஏறிடுவோம்.

1994 அக்டோபர் 15. அங்கிருந்து கிளம்பின பி.எஸ்.எல்.வி. முதல் தடவையா வெற்றி. முந்தின வருஷம் விட்டது தோல்வியில முடிஞ்சதால இது பெரிய விஷயம். அதோட இரண்டாம் நிலையில எரிஞ்சது விகாஸ் இன்ஜின். பிரான்ஸ்ல போய் அந்தத் தொழில்நுட்பத்தைக் கத்துக்கிட்டு வந்த குழுவுக்குத் தலைமை தாங்கினவர் நம்பி நாராயணன். நம்ம நாகர்கோவில்காரர்.

அஞ்சே நாள் கழிச்சு, அக்டோபர் 20, திருவனந்தபுரத்துல மாலத்தீவுப் பெண் மரியம் ரஷீதா கைது. விசா முடிஞ்சும் தங்கிட்டாங்கன்னு வழக்கு. அது மெல்ல வளர்ந்து, ராக்கெட் ரகசியத்தை பாகிஸ்தானுக்கு வித்துட்டாங்கன்னு ஆச்சு. பத்திரிகைகள் தொடர்கதை மாதிரி எழுதித் தள்ளின. விஞ்ஞானி சசிகுமாரன் கைது. நவம்பர் 30, நம்பி நாராயணனும் கைது.

வித்ததா சொன்ன சரக்கு என்ன தெரியுமா? கிரையோஜெனிக் இன்ஜின் தொழில்நுட்பம். 1991ல போட்ட ஒப்பந்தப்படி அதை ரஷ்யா நமக்குத் தரணும். அமெரிக்கா நெருக்கினதால 1993ல இன்ஜின் மட்டும் தரோம், தொழில்நுட்பம் கிடையாதுன்னு பின்வாங்கிட்டாங்க. நம்ம சொந்த கிரையோஜெனிக் இன்ஜினோட ஜி.எஸ்.எல்.வி. வெற்றிகரமாப் பறந்தது 2014 ஜனவரி 5ல. அப்ப 1994ல நம்மகிட்ட இல்லாததை எப்படிய்யா விக்கிறது?

இன்னொண்ணு. என் டீம்ல பழைய ப்ராஜெக்ட் ஒண்ணோட சோர்ஸ் கோட் முழுசா இருக்கு. எழுதினவர் வேலையை விட்டுப் போயிட்டார். எங்களால அதை ஒழுங்கா பில்ட் பண்ணவே முடியல! ராக்கெட் இன்ஜினை ஒரு கட்டு பேப்பர்ல மடிச்சுக் கொடுத்துட முடியும்னு நம்பினவங்க, ஒரு பொறியாளரைக் கூப்பிட்டு கேட்டிருக்கலாம்.

விசாரணையில உட்கார விடாம மணிக்கணக்கா நிக்க வச்சாங்க, அடிச்சாங்கன்னு நம்பி நாராயணன் சொல்லியிருக்கார். 50 நாள் சிறைவாசம். வெளிய தேசத்துரோகிங்கிற பட்டம். அவர் மனைவி மன அழுத்தத்துல பேச்சையே நிறுத்திட்டாங்களாம்.

1996லயே சி.பி.ஐ. குற்றச்சாட்டு பொய்னு அறிக்கை கொடுத்துடுச்சு. 1998ல உச்ச நீதிமன்றமும் வழக்கை முடிச்சுது. 2018 செப்டம்பர் 14ல, தேவையில்லாம கைது பண்ணிக் கொடுமைப்படுத்தினதுக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு. அடுத்த வருஷம் பத்மபூஷண். ஆனா அதே வழக்குல சிக்கின சந்திரசேகர் அந்தத் தீர்ப்பு வந்த அன்னிக்கு நினைவில்லாம ஆஸ்பத்திரியில கிடந்தார். இரண்டு நாள்ல போயிட்டார். மரியம் ரஷீதாவும் ஃபௌசியா ஹசனும் மூணு வருஷத்துக்கு மேல ஜெயில்ல இருந்தாங்க. அந்த இரண்டு பேரையும் நாம ஞாபகம் வச்சுக்கிட்டது கூட கிடையாது.

லெ காரே கதையிலயாவது நிஜ உளவாளி ஒருத்தன் இருந்தான். இங்க அவனும் இல்லை. விலை மட்டும் முழுசா வசூல் ஆயிடுச்சு.

அந்தக் காமிக்ஸ் கட்டைப் பிரிச்சுக்கிட்டே மாமாகிட்ட கேட்டேன். 1994ல நான் பொறக்கவே இல்லை, அவருக்கு இருபத்தஞ்சு வயசு.

"மாமா, நீங்க அப்ப நம்புனீங்களா?"

கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் சொன்னார்: "டீக்கடையில நான்தான்டா எல்லாருக்கும் பேப்பரை சத்தமாப் படிச்சுக் காட்டுவேன். துரோகின்னு திட்டியிருக்கேன். மாலத்தீவுப் பொண்ணு, பாகிஸ்தான், ராக்கெட்டு... கதை நல்லா இருந்துச்சுடா. அதான் நம்பிட்டோம்."

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. போலீஸையும் பத்திரிகையையும் திட்டிட்டுப் போயிடலாம். ஆனா அடுத்த வாரம் என்ன ஆச்சுன்னு கேட்டுக்கிட்டு ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்துச்சே, அதுல எங்க ஊர் டீக்கடையும் உண்டு. நான் அப்ப இருந்திருந்தா முதல் வரிசையில உட்கார்ந்திருப்பேன். காமிக்ஸ் படிச்சு வளர்ந்த பையனாச்சே!

2023 ஜூலை 14ல சந்திரயான்-3 போனப்ப அந்த ராக்கெட்ல இரண்டு விகாஸ் இன்ஜின் எரிஞ்சுது. மாமாவும் நானும் மாடியிலதான் நின்னோம். எல்லாரும் கை தட்டினாங்க, அவரும் தட்டினார், சீக்கிரமே கீழ இறங்கிட்டார். ஏன்னு இப்பத்தான் புரியுது.

1994ல விவரம் தெரிஞ்ச வயசுல இருந்தவங்க யாராவது இதைப் படிச்சா சொல்லுங்க: உங்க வீட்டுல, உங்க டீக்கடையில அப்ப என்ன பேசிக்கிட்டாங்க?