சின்னக் கம்பனிப் பங்கும் பொறுமையும்

யுத்தம் முடிந்த 2009 இல் கொழும்பு பங்குச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் ஏறக்குறைய 125 வீதம் ஏறியது. எங்கள் சனம் மெனிக் பாம் முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்ற ஆண்டு அது. 2011 பெப்ரவரியில் 7,800 ஐத் தொட்ட சுட்டெண், 2012 முடிவில் 5,700 இற்கும் கீழே நின்றது.

சின்னக் கம்பனிகளின் பங்கு இன்னும் மோசமாக ஆடும். பெரும்பகுதி சிலரின் கையில் இருக்கும். சந்தையில் புழங்குவது கொஞ்சம். ஒருவர் சில ஆயிரம் பங்கு வாங்கினாலே விலை துள்ளும். விழும்போதோ வாங்க ஆளிராது. திரையில் தெரிவது கடைசியாகக் கைமாறிய விலை மட்டுமே, உங்களுக்குக் கிடைக்கப்போகும் விலையல்ல.

"பொறுத்திருங்கோ" என்பார்கள். எதற்காக என்பதுதான் என் கேள்வி. காலாண்டுக் கணக்கில் இலாபமும் காசு வரவும் இருக்க, விலை மட்டும் விழுந்தால் காத்திருக்கலாம். வெறும் கதையால் ஏறிய பங்கில் காத்திருந்து பயனில்லை. தரகரிடம் கடனுக்கு வாங்கியவருக்கோ அந்த வசதியே இல்லை: விலை சரிந்தால் கடனை மீட்கத் தரகரே விற்றுவிடலாம். கம்பனிகளின் காலாண்டுக் கணக்குகள் சந்தையின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வந்த காசைப் போடுமுன் குறைந்தது நாலு காலாண்டையாவது பாருங்கள்.