பிங்க் ஃபிளாய்ட்: நட்பும் அதிகாரமும்

பிங்க் ஃபிளாய்ட் 1965-ல் லண்டனில் உருவான ஆங்கிலேய ராக் இசைக்குழு. சிட் பாரெட், ரோஜர் வாட்டர்ஸ், ரிச்சர்ட் ரைட், நிக் மேசன், டேவிட் கில்மோர் ஆகிய ஐவர் இதன் முதன்மை உறுப்பினர்கள். உலகில் மிக அதிகமாக விற்பனையான இசைத்தொகுப்புகளுள் ஒன்றான 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' (1973) இவர்களுடையது.

இக்குழுவின் தலைமை பாரெட்டிடமிருந்து வாட்டர்ஸுக்கும், பின்னர் வாட்டர்ஸிடமிருந்து கில்மோருக்கும் மாறியது. இடையில் ரைட் நீக்கப்பட்டார். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் ஒரே கேள்வி எழுந்தது: குழு என்பது யார்? 1968-ல் நண்பர்கள் அதற்கு ஒரு விடை கண்டனர். எந்த ஒருவர் இல்லாமலும் குழு தொடரலாம் என்பதே அந்த விடை. அதுவே பின்னர் ரைட்டுக்கும் வாட்டர்ஸுக்கும் எதிராகத் திரும்பியது.

தோற்றம்

வாட்டர்ஸும் பாரெட்டும் கேம்பிரிட்ஜ் நகரில் வளர்ந்தவர்கள். ஒரே பள்ளியில் வெவ்வேறு வகுப்புகளில் படித்தனர். அதே ஊரில் வளர்ந்த கில்மோர் பாரெட்டின் நண்பர். இருவரும் 1965-ல் பிரான்சின் தென்பகுதித் தெருக்களில் கிட்டார் வாசித்துப் பணம் சேர்த்தனர்.

வாட்டர்ஸ் கட்டடக்கலை படிக்க லண்டன் ரீஜென்ட் ஸ்ட்ரீட் பாலிடெக்னிக்கில் சேர்ந்தார். உடன் படித்த மேசனையும் ரைட்டையும் அங்கே சந்தித்தார். மாணவர் இசைக்குழுவாகத் தொடங்கிய இவர்களுடன், ஓவியம் படிக்க லண்டன் வந்த பாரெட் பின்னர் இணைந்தார். பிங்க் ஆண்டர்சன், ஃபிளாய்ட் கவுன்சில் என்னும் இரு அமெரிக்க புளூஸ் இசைக்கலைஞர்களின் பெயர்களைச் சேர்த்துக் குழுவுக்குப் பெயர் வைத்தவர் பாரெட்தான். இருபது ஆண்டுகளுக்குப் பின் நீதிமன்றம் வரை சென்றது அந்தப் பெயர்தான்.

பாரெட்டின் காலமும் வெளியேற்றமும்

1967 ஆகஸ்டில் வெளிவந்த முதல் இசைத்தொகுப்பில் மொத்தம் 11 பாடல்கள். அவற்றில் எட்டு பாரெட் தனியாக எழுதியவை. முன்னணிக் கிட்டார் வாசித்தவரும், பெரும்பாலான பாடல்களைப் பாடியவரும் அவரே. வெளியுலகுக்குப் பிங்க் ஃபிளாய்ட் என்றால் பாரெட்.

அதே ஆண்டில் பாரெட்டின் மனநிலை குலையத் தொடங்கியது. எல்.எஸ்.டி. போதைப்பொருளை அவர் அடிக்கடி பயன்படுத்தி வந்தார். சில மேடைகளில் எதையும் வாசிக்காமல் நின்றார். 1967-ன் இறுதியில், அவருடைய இடத்தை ஈடுகட்டக் கில்மோர் அழைக்கப்பட்டார். சில வாரங்கள் ஐவரும் சேர்ந்து இசைத்தனர். பாரெட் பாடல் மட்டும் எழுதட்டும், மேடைக்கு வரவேண்டாம் என்ற யோசனையும் இருந்தது.

1968 ஜனவரி இறுதியில் சவுத்தாம்ப்டன் நிகழ்ச்சிக்குப் புறப்பட்டவர்கள், வழக்கம்போல் வழியில் பாரெட்டை ஏற்றிக்கொள்ளாமல் சென்றனர். அதற்கெனக் கூட்டம் கூட்டவில்லை. அவரிடம் எதுவும் சொல்லவுமில்லை. ஏப்ரலில் விலகல் அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது. மேலாளர்களான பீட்டர் ஜென்னரும் ஆண்ட்ரூ கிங்கும் பாரெட்டே குழுவின் உயிர் என்று கருதியதால் அவர் பக்கம் சென்றனர்.

நட்பு அத்துடன் முறிந்துவிடவில்லை. 1970-ல் வெளியான பாரெட்டின் முதல் தனி இசைத்தொகுப்பின் தயாரிப்பில் கில்மோரும் வாட்டர்ஸும் பங்கேற்றனர். இரண்டாவதைக் கில்மோரும் ரைட்டும் தயாரித்தனர்.

நால்வரின் சமநிலை

1968 முதல் 1973 வரை குழுவில் தனித்தலைவர் என்று ஒருவர் இல்லை. 'மெடில்' (1971) தொகுப்பில் உள்ள 23 நிமிட 'எக்கோஸ்' நால்வர் பெயரிலும் வெளிவந்தது. ரைட்டின் கீபோர்டும் கில்மோரின் கிட்டாரும் குரலும் குழுவின் ஒலியை வடிவமைத்தன.

'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' தொகுப்பிலும் இசை பலருடையது. ஆனால் பாடல் வரிகள் அனைத்தையும் வாட்டர்ஸ் எழுதினார். தொகுப்பின் மையக் கருத்தும் அவருடையது. மற்ற மூவருக்கும் பாடல் எழுதுவதில் அப்போது பெரிய ஆர்வம் இல்லை. வாட்டர்ஸ் தலைமையைப் பறித்துக்கொண்டார் என்பதைவிட, மற்றவர்கள் விட்டுவைத்த இடத்தை நிரப்பினார் என்பதே பொருந்தும்.

1975 ஜூன் மாதம், லண்டன் ஆபி ரோடு ஒலிப்பதிவுக்கூடத்தில் 'விஷ் யூ வேர் ஹியர்' தொகுப்பின் பணி நடந்தது. அதன் நீண்ட பாடல் பாரெட்டைப் பற்றியது. அப்போது தலையையும் புருவங்களையும் மழித்த, உடல் பருத்த ஒருவர் அங்கு வந்தார். அவர் பாரெட் என்பதை நண்பர்கள் உடனே அறியவில்லை. அறிந்தபோது சிலர் கண்கலங்கினர்.

வாட்டர்ஸின் மேலாதிக்கம்

பாடலின் உரிமத்தொகை அதை எழுதியவருக்குச் செல்லும். 'அனிமல்ஸ்' (1977) தொகுப்பில் இது வெளிப்படையான சிக்கலானது. அதன் ஐந்து பாடல்களில் கில்மோருக்குப் பங்குள்ளது ஒன்று மட்டுமே. சுமார் 17 நிமிடம் நீளும் அப்பாடல் இசைத்தட்டின் முதல் பக்கத்தை ஏறத்தாழ நிரப்பியது. வாட்டர்ஸின் மிகச் சிறிய பாடல் ஒன்று இரண்டாகப் பிரிக்கப்பட்டு இரு பாடல்களாகக் கணக்கில் சேர்ந்தது. தொகை நிமிடக் கணக்கில் அல்ல, பாடல் எண்ணிக்கையில் பிரிக்கப்பட்டது. ரைட்டின் பெயர் இத்தொகுப்பின் எந்தப் பாடலிலும் இல்லை.

அதன்பின் தவறான முதலீடுகளால் குழு பெரும் தொகையை இழந்தது. வருமானம் உடனடித் தேவையான நிலையில் 'தி வால்' (1979) தொகுப்பைத் தொடங்கினர். அதன் 26 பாடல்களில் கில்மோர் பெயர் உள்ளவை மூன்று. ரைட் போதிய பங்களிப்பு செய்யவில்லை என்று வாட்டர்ஸ் கருதினார். பணியை முடிக்க விடுமுறையைக் குறைக்குமாறு கேட்டபோது ரைட் மறுத்தார். ரைட் விலகாவிட்டால் தொகுப்பே வெளிவராது என்பது வாட்டர்ஸின் நிலைப்பாடு. கில்மோராலும் மேசனாலும் அதைத் தடுக்க இயலவில்லை. தொடக்கம் முதல் உடனிருந்த ரைட், 1980-81 மேடை நிகழ்ச்சிகளில் சம்பளத்துக்கு வாசித்தார். அந்நிகழ்ச்சிகள் பெரும் செலவால் நட்டத்தில் முடிந்தன. நட்டம் உறுப்பினர்களைச் சேர்ந்தது என்பதால், பணம் ஈட்டியவர் ரைட் ஒருவர்தான்.

'தி ஃபைனல் கட்' (1983) இரண்டாம் உலகப் போரில் வாட்டர்ஸ் தந்தையை இழந்த துயரிலிருந்து எழுந்தது. எல்லாப் பாடல்களும் வாட்டர்ஸ் எழுதியவை. தயாரிப்பாளர் பட்டியலில் கில்மோரின் பெயர் நீக்கப்பட்டது. ஆக்கம் ரோஜர் வாட்டர்ஸ், இசைத்தவர்கள் பிங்க் ஃபிளாய்ட் என்று பின்னட்டை அறிவித்தது.

பெயருக்கான வழக்கு

1985 டிசம்பரில் வாட்டர்ஸ் தன் விலகலை இசைத்தட்டு நிறுவனங்களுக்கு அறிவித்தார். தான் இல்லாமல் குழு இல்லை என்று அவர் நம்பினார். கில்மோரும் மேசனும் அதே பெயரில் தொடர முடிவு செய்தனர். 1986-ல் வாட்டர்ஸ் லண்டன் உயர் நீதிமன்றத்தை நாடினார். பாடல்களின் பெரும்பகுதி தன்னுடையது என்பது அவர் பக்க நியாயம். இருபதாண்டு உழைப்பை ஒருவரின் விலகல் அழித்துவிட முடியாது என்பது மற்றவர்களின் நியாயம். இந்த இரண்டாவது நியாயத்தை, பாரெட்டை விட்டுச் சென்ற நாளில் வாட்டர்ஸும் ஏற்றிருந்தார்.

1987 செப்டம்பரில் கில்மோர் தலைமையில் புதிய இசைத்தொகுப்பு வெளிவந்து நன்றாக விற்றது. டிசம்பரில், கில்மோரின் படகு வீடான 'அஸ்டோரியா'வில் உடன்பாடு ஏற்பட்டது. பெயர் கில்மோருக்கும் மேசனுக்கும், 'தி வால்' படைப்பின் உரிமை வாட்டர்ஸுக்கும் என்று முடிவானது.

கில்மோர் ரைட்டைத் திரும்ப அழைத்துக்கொண்டார். 'தி டிவிஷன் பெல்' (1994) தொகுப்பின் ஐந்து பாடல்களில் ரைட்டின் பெயர் இடம்பெற்றது. ஆயினும் ஒப்பந்தப்படி அவர் அப்போதும் முழு உறுப்பினர் அல்லர். வாட்டர்ஸ் இல்லாத குழுவிலும் படிநிலை நீடித்தது.

மறுசந்திப்பு

2002-ல் மேசன் வாட்டர்ஸின் லண்டன் நிகழ்ச்சியில் வாசித்து நட்பைப் புதுப்பித்தார். 2005 ஜூலை 2 அன்று லண்டன் ஹைட் பார்க்கில் நடந்த 'லைவ் 8' நிகழ்ச்சிக்காக நால்வரும் ஒரே மேடையில் நின்றனர். அவர்கள் சேர்ந்து இசைத்து அப்போது 24 ஆண்டுகள் ஆகியிருந்தன. வாட்டர்ஸ் மேடையில் பாரெட்டை நினைவுகூர்ந்தார். முடிவில் நால்வரும் தோளணைத்து நின்று விடைபெற்றனர்.

பாரெட் 2006 ஜூலையிலும் ரைட் 2008 செப்டம்பரிலும் மறைந்தனர். 2011-ல் வாட்டர்ஸின் லண்டன் நிகழ்ச்சி ஒன்றில் கில்மோரும் மேசனும் தோன்றினர். பின்னாளில் வாட்டர்ஸுக்கும் கில்மோருக்கும் இடையிலான பகை மீண்டும் வெளிப்படையானது. 2022-ல் உக்ரைனுக்கு ஆதரவாகக் கில்மோரும் மேசனும் பிங்க் ஃபிளாய்ட் பெயரில் ஒரு பாடல் வெளியிட்டனர். வாட்டர்ஸ் அதில் இல்லை.

குழுவின் எல்லா இசைத்தொகுப்புகளிலும் இடம்பெற்ற ஒரே உறுப்பினர் மேசன். தலைமைக்குப் போட்டியிடாதவரும் அவரே. 2024-ல் சோனி நிறுவனம் குழுவின் ஒலிப்பதிவு உரிமைகளையும் பெயர் உரிமையையும் விலைக்கு வாங்கியது. பாரெட் வைத்த பெயர், அதற்காக வழக்காடிய நண்பர்களின் கையைவிட்டு அவ்வாறு நீங்கியது.