பாட்டு நாலு, கால் ஆறு

போன மாதம் ஆபீஸ் நண்பரின் தங்கைக்குக் கல்யாணம், பாந்த்ராவில். கோவாக்காரக் குடும்பம். ரிசப்ஷனில் சாப்பாடு பத்தரைக்குத்தான் என்று தெரிந்ததும், செம்பூரிலேயே நாலு இட்லி உள்ளே தள்ளிவிட்டு வந்திருக்கலாமே என்று தோன்றியது. அதுவரை என்ன? டான்ஸ்தான். முதலில் மாப்பிள்ளையும் பெண்ணும் வால்ட்ஸ் ஆடினார்கள். அப்புறம் அறுபது வயது அங்கிள், ஆன்ட்டிகள் எல்லாம் ஜோடி ஜோடியாக இறங்கி ஃபாக்ஸ்ட்ராட் ஆட ஆரம்பித்தார்கள். என்ன ஒரு அலட்டல் இல்லாத நடை!

நண்பரின் அம்மா எங்களையும் விடவில்லை. "ஸ்லோ, ஸ்லோ, குவிக்-குவிக். அவ்வளவுதான்" என்று இழுத்து விட்டுவிட்டார். இரண்டு நிமிடத்தில் தங்கமணியின் காலை இரண்டு முறை மிதித்தேன். அவள் காலைப் பார்க்கவில்லை, பேண்டைப் பார்த்தாள். சின்ன வயதில் கும்பகோணத்தில் எட்டு வருஷம் பரதநாட்டியம் கற்றவள். விரலில் எண்ணிவிட்டுச் சொன்னாள்: "ஏங்க, பாட்டு நாலு, கால் ஆறு. இது எப்படிங்க சேரும்?"

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நாலு வாரமாகப் படித்ததுதான் இது.

முதலில் கணக்கு. ஃபாக்ஸ்ட்ராட் பாட்டு நாலு தட்டுச் சுற்று. மேல்நாட்டுக்காரர்கள் சுற்றை 'பார்' என்பார்கள் (குடிக்கிற பார் இல்லை). ஸ்லோ என்றால் இரண்டு தட்டு, குவிக் என்றால் ஒன்று. ஆக ஸ்லோ-ஸ்லோ-குவிக்-குவிக் மொத்தம் ஆறு தட்டு, அதாவது ஒன்றரைச் சுற்று. அந்தக் காலத்து அமெரிக்கப் பாட்டுகள் பெரும்பாலும் 32 சுற்று. எட்டெட்டாக நாலு பகுதி. ஒரே மெட்டு இரண்டு முறை, மூன்றாவதாக வேறு மெட்டு, கடைசியில் பழைய மெட்டு மறுபடியும்.

எட்டுச் சுற்றுக்கு 32 தட்டு. ஆறால் வகுத்தால் ஐந்து அடவு போக இரண்டு தட்டு மிச்சம். முதல் பகுதி முடியும்போது கால் அடவின் நடுவில் நிற்கும். இரண்டாவது முடிவிலும் அப்படியே. மூன்றாவது முடிவில் 96 தட்டு, சரியாகப் பதினாறு அடவு. பழைய மெட்டு திரும்பி வரும் அந்த இடத்தில் காலும் பாட்டும் சேர்ந்து சமத்தில் விழும். இதைச் சொன்னதும் தங்கமணி, "கோர்வை மாதிரியே இருக்கே" என்றாள். இருக்கிறது, ஆனால் யாரும் திட்டம் போட்டு வைத்த கோர்வை இல்லை. வகுத்தல் கணக்கு தானாகச் செய்த வேலை.

வால்ட்ஸில் வேறு விதமான வேடிக்கை. தட்டு மூன்று, மனிதனுக்குக் கால் இரண்டு. இந்தச் சுற்றின் முதல் தட்டில் வலது கால் விழுந்தால் அடுத்த சுற்றில் இடது. இரண்டு சுற்று சேர்ந்தால்தான் கால் பழைய இடத்துக்கு வரும். இரண்டு எட்டில் மிச்சமில்லாமல் போகும் என்பதால் இங்கே சண்டையில்லை. புதிதாகக் கற்பவர்களுக்கு வால்ட்ஸை முதலில் சொல்லிக்கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்பது என் ஊகம்.

நம்ம ஊர் மேடையில் நட்டுவனார் இருக்கிறார். ஜதி எங்கே முடியும் என்று ஆடுபவருக்கும் தெரியும், மிருதங்கக்காரருக்கும் தெரியும். பால்ரூமில் அடுத்து என்ன பாட்டு என்றே ஆடுபவருக்குத் தெரியாது. போட்டிகளில்கூட வழக்கமான சுற்றுகளில் அப்படித்தான். அதோடு எல்லா ஜோடிகளும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் ஹாலைச் சுற்ற வேண்டும். மூலை வந்தால் திரும்ப வேண்டும், முன்னால் ஒருவர் நின்றால் ஒதுங்க வேண்டும். அடுத்த அடவு எது என்பதைப் பாட்டைவிடச் சுவர்தான் அதிகம் தீர்மானிக்கிறது!

அப்படியென்றால் யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். காலா, பாட்டா?

ஃபாக்ஸ்ட்ராட் 1914-இல் நியூயார்க்கில் பிரபலமானது. வெர்னான் காசில், ஐரீன் காசில் தம்பதிக்கு இசை அமைத்துக் கொடுத்த கறுப்பின இசைக்கலைஞர் ஜேம்ஸ் ரீஸ் யூரோப்புக்கு அதில் பெரிய பங்கு உண்டு. முதல் உலகப்போர் முடிந்து லண்டன் முழுக்க ஒரே ஆட்டம். ஹோட்டலுக்கு ஒரு வேகம், ஆளுக்கு ஒரு அடவு. 1920 மே மாதம் 'டான்சிங் டைம்ஸ்' பத்திரிகை ஆசிரியர் பிலிப் ரிச்சர்ட்சன் லண்டனில் ஆசிரியர்களின் கூட்டத்தைக் கூட்டினார். 1924-இல் அங்கே நடன ஆசிரியர்களின் இம்பீரியல் சொசைட்டி, பால்ரூமுக்கென்று தனிப் பிரிவு தொடங்கியது. 1929-இல் ஒரு பெரிய மாநாடு போட்டு எந்த நடனத்துக்கு எந்த வேகம் என்றும் பேசி வைத்தார்கள். காலை மட்டும் திருத்தினால் போதாது, பேண்டையும் கட்டுப்படுத்த வேண்டும் என்று புரிந்துவிட்டது.

ஆங்கில ஃபாக்ஸ்ட்ராட்டில் காலும் கொஞ்சம் இறங்கி வந்தது. 'ஃபெதர் ஸ்டெப்' ஸ்லோ-குவிக்-குவிக், அதாவது சரியாக ஒரு சுற்று. 'ரிவர்ஸ் டர்ன்' இரண்டு சுற்று. இப்படி நாலு நாலாகக் கட்டிக்கொண்டு போகலாம். ஆனால் 'நேச்சுரல் டர்ன்' ஆடினால் இரண்டரைச் சுற்று, மறுபடியும் அரைச் சுற்று தொங்கும். வேகமான குவிக்ஸ்டெப்பில் முக்கிய அடவுகள் பலவும் இன்றைக்கும் ஆறு தட்டுதான். கல்யாண வீட்டு ஆன்ட்டிகளோ அதையெல்லாம் கண்டுகொள்ளாமல் பழைய ஆறிலேயே நிம்மதியாக ஆடுகிறார்கள்.

பாட்டை வளைத்தவர் என்றால் விக்டர் சில்வெஸ்டர். 1922-இல் ஃபிலிஸ் கிளார்க்குடன் ஆடி உலக சாம்பியன் ஆனவர். ஆடுவதற்கு ஏற்ற இசைத்தட்டு கிடைக்கவில்லை என்று 1935-இல் தானே ஒரு குழு ஆரம்பித்தார். 'ஸ்ட்ரிக்ட் டெம்போ', கண்டிப்பான காலப்பிரமாணம். ஒரு வயலின், இரண்டு பியானோ. மெட்டு தெளிவாகக் கேட்கும், வேகம் முதலிலிருந்து கடைசிவரை இம்மி நகராது. பிபிசியில் 1941 முதல் வானொலியிலும் 1948 முதல் தொலைக்காட்சியிலும் 'டான்சிங் கிளப்' நிகழ்ச்சியை நடத்தி ஒரு தேசத்தையே ஆட வைத்தார். அவருடைய இசைத்தட்டுகளை யூட்யூபில் கேட்டேன். உண்மையைச் சொன்னால் உப்பில்லாத தயிர்சாதம். ஆனால் எழுந்து நின்று கால் வைத்துப் பார்த்தபோது முதல் முறையாக நான் யார் காலையும் மிதிக்கவில்லை.

இதற்கு நேர் எதிரான கதை ஹவானாவில். அங்கே சாரங்கா குழுவில் வயலின் வாசித்த என்ரிக்கே ஹொரின், ஆட வருகிறவர்கள் மாம்போவின் தள்ளி விழும் தட்டுகளில் தடுமாறுவதைக் கவனித்தார். அவர்களைத் திருத்தவில்லை, பாட்டைத் திருத்தினார். தட்டு நேராக விழுகிற மாதிரி மெட்டுப் போட்டார். ஆடியவர்களின் செருப்புச் சத்தம் தரையில் சா-சா-சா என்று கேட்டது, அதுவே பெயரானது என்பார்கள். அவருடைய 'லா எங்கன்யாதோரா' 1953-இல் இசைத்தட்டாக வந்தது.

ஆனால் கியூபாவில் எல்லாமே நேர்த் தட்டு இல்லை. அவர்களுடைய சோன் இசையில் பாஸ் வாத்தியம் பெரும்பாலும் முதல் தட்டை வாசிக்காமலே தாண்டிப் போகும். லண்டனில் பியர் என்ற பெயரில் நடனம் சொல்லிக்கொடுத்த ஒருவர் 1947-இல் ஹவானாவுக்குப் போனபோது, அங்கே ரும்பாவில் இரண்டாவது தட்டில்தான் அடி எடுக்கிறார்கள் என்று கண்டுகொண்டார். இத்தனை வருஷம் தான் சொல்லிக்கொடுத்தது வேறு! திரும்பி வந்து தன் பார்ட்னர் டோரிஸ் லாவெல்லுடன் சேர்ந்து புதிய முறையைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். பழைய 'சதுர ரும்பா' ஆசிரியர்கள் சும்மா இருப்பார்களா? பரீட்சை, சான்றிதழ், மாணவர்கள் எல்லாம் பழைய முறையில். 1950-களில் நடந்த அந்தச் சண்டைக்கு 'ரும்பா யுத்தம்' என்றே பெயர். கடைசியில் இரண்டாம் தட்டுதான் ஜெயித்தது. இன்று சர்வதேசப் போட்டிகளில் ரும்பாவும் சா-சாவும் அப்படித்தான். ரும்பாவில் முதல் தட்டில் கால் எடுப்பதில்லை, இடுப்பு மட்டும் அமரும்.

நமக்கு இதில் அதிர்ச்சி ஒன்றுமில்லை. சமம் கழித்துப் பாட்டு எடுப்பதற்கு அனாகதம் என்று பெயர் வைத்து, ஒன்றரை இடம் தள்ளி எடுக்கும் கீர்த்தனைகளைச் சபாவில் தொடை தட்டிக் கேட்டு வளர்ந்தவர்கள். ஆனால் கேட்பது வேறு, ஆடுவது வேறு. ஒன்று என்கிற தட்டில் சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று வீட்டு ஹாலில் நின்று பாருங்கள்.

பம்பாய்க்கு இதெல்லாம் 1930-களிலேயே வந்துவிட்டது. தாஜ் ஹோட்டலில் லியான் ஆபி, டெடி வெதர்ஃபோர்டு போன்ற கறுப்பின அமெரிக்க ஜாஸ் கலைஞர்கள் வாசித்தார்கள். பிறகு சிக் சாக்லேட் போன்ற கோவாக்காரர்கள். இதே கோவாக்காரர்கள் பலர்தான் பகலில் இந்திப் படங்களுக்கு வாசித்தார்கள். ஆக அன்று கல்யாணத்தில் வாசித்த ஐந்து பேருக்கும் பின்னால் ஒரு நீண்ட வரிசை உண்டு.

போன ஞாயிற்றுக்கிழமை நண்பரின் அம்மா எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். ஆறும் நாலும் சேரும் இடத்தைப் பேப்பரில் போட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார். "நாங்கள் எண்ணியதே இல்லையே. என் புருஷன் கை லேசாக அழுத்தும், திரும்புவேன்" என்றார். அவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. தங்கமணி அந்தப் பேப்பரை மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டு, ஆன்ட்டிக்குச் சமையலறையில் உதவப் போய்விட்டாள்.